பழனிமலையிலிருந்து டொராண்டோ எவ்வளவு தூரம்?

பழனிமலைமேல் உள்ள கொடைக்கானலில் விமான நிலையம் கிடையாது. மலையை விட்டு இறங்கி வத்தலக்குண்டு தாண்டி மதுரைக்குப் போனால்தான் விமானம். மதுரையிலிருந்தும் கனடாவுக்கு நேரடி விமானம் இல்லை. சென்னையிலோ டெல்லியிலோ வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாற வேண்டும். ஆனாலும் மதுரைக்கும் டொராண்டோவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எந்தக் கணிப்பானைக் கேட்டாலும் தயங்காமல் ஒரு விடை வரும்: சுமார் 13,650 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை எந்த விமானமும் பறந்ததில்லை. இப்போதைய உலக நிலவரத்தில் பறக்கவும் முடியாது. அப்படியானால் அது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். யாரும் பறக்காத அந்தத் தூரம் தெரிந்தால்தான், பறக்கிற தூரத்தில் எவ்வளவு தேவை, எவ்வளவு சுற்று, அந்தச் சுற்று யாரால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மலையில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் நின்று தெற்கே பார்த்தால் பெரியகுளம் காலடியில் கிடக்கும். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. காட்ரோடு வழியாக மலைச்சாலையில் சுற்றிப் போனால் அதைப்போலப் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவில் வெள்ளகவி வழியாக இறங்கும் பழைய நடைபாதை ஒன்று உண்டு. 1821-இல் இந்த மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்ட் ஏறியது அந்தப் பக்கமாகத்தான். ஆக ஒரே இரு ஊர்களுக்கு மூன்று தூரங்கள். நேர்கோட்டுத் தூரம் எந்தப் பேருந்துப் பயணச்சீட்டிலும் இருக்காது. ஆனால் அது தெரியாவிட்டால், மலைச்சாலை எவ்வளவு சுற்றுகிறது என்ற கேள்வியே எழாது. வானத்தில் மலையும் பள்ளமும் இல்லை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இருக்காது என்று தோன்றும். அங்கே சிக்கல் வேறு விதமானது: உருண்டையின் மேல் ‘நேர்’ என்பது எது என்பதிலேயே நம் கண் ஏமாந்துவிடுகிறது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 1569-இல் மெர்காட்டர் வகுத்த முறையில் வரைந்தது என்றால், அதில் மதுரையையும் டொராண்டோவையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு அரபிக்கடலைக் கடந்து, அரேபியா, செங்கடல், சகாரா பாலைவனம் வழியாக அட்லாண்டிக்கில் இறங்கும். திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டே போகும் மாலுமிக்கு அந்தக் கோடு பெரிய வரம். மெர்காட்டர் அதை வகுத்ததும் மாலுமிகளுக்காகத்தான். ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ 15,770 கிலோமீட்டர். உண்மையான குறுக்குவழி அதைவிட 2,100 கிலோமீட்டர் குறைவு. கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நேராகப் பறக்கும் தூரத்தைப் போல அது. ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களிலும் குண்டூசி குத்தி, நடுவே நூலை இறுக்கிக் கட்டினால் இது புலப்படும். நூல் மேற்கே போகாது; வடக்கே ஏறும். மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா என்று போய், வெண்கடலைத் தொட்டு, ஸ்காண்டிநேவியாவின் வடபகுதியைக் கடந்து, ஆர்க்டிக் பகுதியில் யான் மாயன் என்ற நார்வேத் தீவுக்கு மேலே 71 பாகை வடக்கில் உச்சத்தை எட்டும். பிறகு கிரீன்லாந்து, கியூபெக் வழியாகத் தெற்கே சாயும். மதுரை வெயிலிலிருந்து கிளம்பி டொராண்டோ போக மிகச் சுருக்கமான வழி பனிக்கடலின் மேலே இருக்கிறது.

இறுக்கிய அந்த நூல் கிடக்கும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தின் வழியாக ஒரு தளத்தைச் செலுத்தி வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டம் அது. நிலநடுக்கோடு பெருவட்டம், தீர்க்கரேகைகள் பெருவட்டங்களின் பாதிகள். மற்ற அட்சரேகைகள் அப்படியல்ல. அவற்றின் தளம் பூமியின் மையத்தைத் தொடுவதில்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கொடைக்கானல் பத்தேகால் பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து மிகச் சரியாக மேற்கு நோக்கிக் கிளம்பி, இடமோ வலமோ இம்மியும் திரும்பாமல் போனால் அதே பத்தேகால் பாகையில்தானே போய்க்கொண்டிருப்போம் என்று நினைப்போம். அப்படி நடக்காது. சோமாலியக் கரையை அடையும்போதே ஒன்பது பாகைக்கு இறங்கியிருப்போம். பத்தாயிரம் கிலோமீட்டர் போனதும் அட்லாண்டிக்கின் நடுவே நிலநடுக்கோட்டைக் கடந்து தென் அரைக்கோளத்துக்குள் நுழைந்துவிடுவோம். அட்சரேகையை ஒட்டியே போக வேண்டுமானால் வழியெல்லாம் வலப்புறம் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டையான படத்தில் நேராகத் தெரிவதுதான் உருண்டையில் வளைவு.

கணக்குக்கு வருவோம்; பள்ளிக்கூட முக்கோணவியல் இருந்தால் போதும். மதுரை விமான நிலையம் 9.83 பாகை வடக்கு, 78.09 பாகை கிழக்கு. டொராண்டோ 43.68 பாகை வடக்கு, 79.63 பாகை மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 157.72 பாகை. இப்போது இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.118 வரும். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் −0.659 வரும், வித்தியாசம் தொண்ணூறு பாகைக்கு மேல் போனதால் குறை அடையாளம். இரண்டையும் கூட்டினால் −0.541. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பார்த்தால் 122.8 பாகை. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் மதுரைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே உள்ள கோணம் அதுதான். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால் பெருவட்டத்தில் ஒரு பாகை 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 13,650.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு: தூரத்து ஊர்களுக்கு நன்றாக வேலை செய்யும், பக்கத்து ஊர்களுக்குக் காலை வாரிவிடும். சிறிய கோணங்களின் கொசைன் எல்லாமே ஒன்றுக்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஐந்து தசம இடம் மட்டும் தரும் பழைய அட்டவணையை வைத்து மதுரைக்கும் கொழும்புக்கும் கணக்குப் போட்டால் கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினாலே விடை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகரும். அந்த 355 கிலோமீட்டரில் அது பெரிதல்ல. அதே அட்டவணையில் கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் போட்டால் பிழை தூரத்தைவிடப் பெரிதாகிவிடும்! கடலோடிகள் இதைச் சமாளிக்க ஹேவர்சைன் என்ற இன்னொரு அளவைப் பயன்படுத்தினார்கள். கோணத்தில் பாதியின் சைனை எடுத்து வர்க்கப்படுத்துவது அது. சிறிய கோணத்திலும் அது இலக்கங்களைத் தொலைப்பதில்லை. இன்று கைப்பேசிச் செயலிகள் பலவற்றுக்குள் ஓடுவது அந்த மாலுமிக் கணக்குத்தான். இத்தனை சின்னத் தூரத்துக்குப் பள்ளிக்கூடப் பிதாகரஸ் தேற்றமே போதும் என்பது வேறு விஷயம்.

சூத்திரம் எளிது, அதில் இடும் எண்களைப் பெற்றதுதான் பெரும்பாடு. 6,371 என்ற ஆரமும், ஊர்களின் பாகைகளும் எங்கிருந்து வந்தன? பூமியின் ஆரத்தை அறிய ஒரு வழி மலையுச்சியிலிருந்தே கிடைக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை மலையில் நின்று, அடிவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்து ஆரத்தைக் கணக்கிட்டார். சமவெளிக்கு மேல் 1,800 மீட்டர் உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் விளிம்பிலிருந்து பார்த்தால் அடிவானம் ஒன்றரைப் பாகைக்குச் சற்றே குறைவாகத் தாழ்ந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்று முழுநிலவுகளை அடுக்கிய உயரம். மூட்டம் இல்லாத நாளில் கூர்மையான கருவிக்கு அது எட்டாத அளவல்ல. ஆனால் காற்று ஒளியை வளைப்பதால் இந்த முறை நம்பத்தகுந்த துல்லியம் தராது. துல்லியம் வேண்டுமென்றால் நிலத்தில் சங்கிலி போட்டே அளக்க வேண்டும்.

அதைத்தான் வில்லியம் லாம்ப்டன் செய்தார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போனார். அவர் தொடங்கி ஜார்ஜ் எவரெஸ்ட் முடித்த பெரும் வில், கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. பழனிமலையின் கிழக்குச் சரிவுகளைத் தாண்டியதும் வரும் திண்டுக்கல் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானக் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, லாம்ப்டனின் அரை டன் எடையுள்ள கோணமானி அடிபட்டது 1808-இல். தடங்கல்கள் இருந்தும் கிடைத்த பலன் வியக்கத்தக்கது. எவரெஸ்ட் 1830-இல் வெளியிட்ட பூமியின் நிலநடுக்கோட்டு ஆரத்துக்கும் இன்று செயற்கைக்கோள் தரும் ஆரத்துக்கும் வேறுபாடு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தப் பழைய ஆரத்தை வைத்து டொராண்டோ கணக்கைப் போட்டால் விடை இரண்டு கிலோமீட்டர்கூட மாறாது.

தீர்க்கரேகையில் அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. இந்திய நில அளவை தன் தீர்க்கரேகைகளை எல்லாம் சென்னை வானியல் நிலையத்திலிருந்து எண்ணியது. 1899-இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த சூரிய ஆய்வகத்தின் தாய்வீடு அது. கிரீன்விச்சுக்கும் சென்னைக்கும் உள்ள நேர வித்தியாசத்தை வியாழனின் நிலவுகள் மறைவது போன்ற நிகழ்ச்சிகளைக் கொண்டு கணித்திருந்தார்கள். பிறகு தந்திக் கம்பி வழியாகக் கடிகாரங்களை ஒப்பிட்டபோது, சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ இரண்டரைக் கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகியிருந்தது தெரிந்தது. நிலத்தில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தியா முழுவதும் சேர்ந்தே நகர்ந்திருந்ததால் மதுரைக்கும் டெல்லிக்கும் இடையிலான தூரத்தில் எந்தப் பிழையும் இல்லை. கடல் கடந்த ஊர்களுக்குக் கணக்குப் போட்டால் மட்டுமே பிழை தலைகாட்டும். தூரத்து விமான நிலையங்களின் தூரம் என்பது உலகம் முழுவதும் ஒரே சட்டகத்தில் அளக்கப்பட்ட பிறகே அர்த்தம் பெற்றது.

இனி எதிர்வாதங்கள். பூமி சரியான உருண்டை இல்லையே என்பார்கள். உண்மைதான், நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். ஆனால் உருண்டை என்று வைத்துப் போட்ட கணக்கின் பிழை பெரும்பாலும் அரை விழுக்காட்டைத் தாண்டாது. விமானம் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகாதா என்றால், ஆகும். 13,650 கிலோமீட்டருக்கு 24 கிலோமீட்டர் கூடும். பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகிற விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வந்துவிடாதா என்பது சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் கேட்கும் கேள்வி. வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் நீந்துவது அந்தக் காற்றில். இந்த மூன்றும் கணக்கை அசைக்கும் ஆட்சேபங்கள் அல்ல.

கனமான ஆட்சேபம் வேறு: விமானம் அந்தக் கோட்டில் பறப்பதே இல்லையே? மதுரை–டொராண்டோ கோட்டையே பாருங்கள். அது கடக்கும் பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்து வரும் ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் வான்வழிக் கட்டுப்பாட்டுச் சேவை நிலைகுலைந்ததிலிருந்து பல நிறுவனங்கள் ஒதுங்கிப் போயின. அதற்கும் அப்பால் உள்ள ரஷ்யா 2022 பிப்ரவரியில் கனடா உள்ளிட்ட முப்பத்தாறு நாடுகளின் விமானங்களுக்குக் கதவடைத்தது. இந்திய விமானத்துக்கு ஒரு பூட்டு, கனடிய விமானத்துக்கு இன்னொரு பூட்டு. ஆனால் இது பெருவட்டக் கணக்குக்கு எதிரான சாட்சியா? எனக்கு அது ஆதரவான சாட்சியாகவே படுகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம் ரஷ்யா மூடிய பிறகு வடதுருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்கும் எரிபொருளுக்கும் மூடிய வான்வெளியே காரணம் என்று சொல்ல முடிவது, நேர்வழி எது என்று நமக்குத் தெரிவதால்தான்.

காற்று எழுப்பும் ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. பயணமோ பதினான்கரை மணியில் முடிந்தது, இரண்டு மணி நேரத்தை ஒட்டிய மிச்சம். வகுத்துப் பார்த்தால் தரையைப் பொறுத்து மணிக்கு 1,055 கிலோமீட்டர். விமானத்தின் இயல்பு வேகம் 900 அளவில்தான். மீதியைத் தந்தது முதுகில் தள்ளிய மேலைக்காற்று. திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக வந்தது. போய் வந்தால் உலகைச் சுற்றிய கணக்கு. தூரம் கூடியும் நேரம் குறைகிறது என்றால் தூரத்தைக் கணக்கிட்டு என்ன பயன் என்று கேட்கலாம். விமானி குறைக்கப் பார்ப்பது நிலத்தூரத்தை அல்ல, காற்றுக்குள் கடக்கும் தூரத்தை. காற்றே இல்லாத நாளில் இரண்டும் ஒன்று. அந்த நாளின் விடை பெருவட்டம். காற்று எவ்வளவு உதவியது என்பதை அங்கிருந்துதான் எண்ண முடியும். காற்று மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதே இரு நகரங்களுக்கு இன்று ஒரு பாதை, நாளை வேறு பாதை. மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்று.

இப்படி மாறாமல் நிற்பதால்தான் பொது அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு பயணியின் கரிமக் கணக்கைப் போடும்போது முதலில் பெருவட்டத் தூரத்தை எடுக்கிறது. சுற்று, காத்திருப்பு எல்லாவற்றுக்குமாக 550 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்கு 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கிலோமீட்டர் கூட்டிக்கொள்கிறது. மூடிய வான்வெளிகளைச் சுற்றும் இன்றைய பயணங்களுக்கு இந்த 125 போதாது என்பது என் கருத்து. கூட்டும் தொகையைத்தான் திருத்த வேண்டும், அடிப்படையை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் விமானத் தாமதத்துக்கான இழப்பீட்டை 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற வரம்புகளை வைத்துப் பிரிக்கிறது. அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் ஃபிராங்பர்ட் போகிறவருக்கும் அது பொருந்தும். விமானி எந்த நாட்டைச் சுற்றினார், எந்தக் காற்றைப் பிடித்தார் என்பதை அந்தச் சட்டம் கேட்பதில்லை.